நாலு பக்கமும் சரி

நிலம் அளக்கும் தொழிலில் வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம், "நாலு பக்கமும் சரியா கீதுல்ல, அப்புறம் இன்னா?" என்பதைத்தான் பொறுக்க முடியாது. டேப்பைத் தூக்கிக்கொண்டு அலையும் சகோதரர்களே, நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

குறுக்கே இழுத்தபோது

கூடுவாஞ்சேரியில் ஒரு மனை. வாங்குகிறவர் வேன் ஓட்டும் சேகர். அகலம் முப்பது, நீளம் நாற்பது. நான்கு பக்கமும் சொன்னபடி இருந்தன. மூலைக்கு மூலை இழுத்தேன். ஒரு குறுக்கு ஐம்பத்து மூன்றடி, மற்றது நாற்பத்தேழுகூட இல்லை. செவ்வகமென்றால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இது இணைகரம். கயிற்றுக் கட்டிலை ஓரத்தில் உதைத்தால் சட்டங்களின் நீளம் மாறாது, கட்டில் மட்டும் கோணிக்கொள்ளும். அப்படி. புரோக்கர் என்மேல் பாய்ந்தார்.

"குறுக்கால எவன் சார் அளப்பான்? வூடு கட்டப் போறாரா, பட்டம் வுடப் போறாரா?"

நல்ல வாய்

சேகரின் பிளான் நேரான செவ்வகம். அப்படியே கட்டினால் பின்மூலை பக்கத்து மனைக்குள் ஐந்தடி போய்விடும். "பிளானைச் சுருக்குங்கள், இல்லையென்றால் மனையை விடுங்கள்" என்றேன். எழுதியும் கொடுத்தேன். புரோக்கர் வேறொருவரை அழைத்து வந்து பக்கங்களை மட்டும் அளக்க வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சேகரின் மனைவிக்கோ என்மேல் எரிச்சல்.

"பூஜைக்கு நாள் குறிச்சாச்சு. இப்ப வந்து கோணல்னு சொல்றீங்களே, நல்ல வாய்னு ஒண்ணு வேணாவா சார்?"

கடைக்காலுக்குள் ஒரு மனிதர்

பிளானை மாற்றாமலே மனை பதிவானது, பூஜையும் நடந்தது. கடைக்கால் தோண்டினார்கள். பக்கத்து மனைக்காரர், அணுபுரத்தில் அணுமின் நிலைய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், தன் இடத்துக்குள் வந்த பள்ளத்தில் இறங்கி நின்றுகொண்டார். வேலை நின்றது. புரோக்கர் போனை எடுக்கவில்லை. சேகர் நேராக என் வீட்டுக்கு வந்தார். எழுதிக் கொடுத்த தாளைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"நீ சொன்ன சார், இல்லன்னு சொல்லல. கைய புட்சி இஸ்து நிறுத்துனியா?"

புரோக்கர்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை, அதன் நாலு பக்கமும் சரிதான், சேகர் கேட்டதை நினைத்துக் குறுக்கே அளக்கும்போது மட்டும் கொஞ்சம் கோணுகிறது.