வெறும் தண்ணி இல்ல சார்

மஹ்பூபி அக்காவிடம் மணி கேட்டால்கூட கைக்கடிகாரத்தைப் பார்த்து, செல்போனையும் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். தோராயம் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. வாணியம்பாடியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர். கல்யாணமாகி, இரண்டு பெண்களையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு ஆம்பூரில் எங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வேலைக்கு வந்தார். தோல் கம்பெனிகளின் கழிவுநீரை வடிகட்டினால் கடைசியில் உப்புக் கரைசல் மிஞ்சும். அதைச் சூடாக்கி வற்றவைப்பது அவருடைய பிரிவு. பன்னிரண்டு வருஷமாக மணிக்கொரு தடவை ஹீட்டரின் கரண்ட் மீட்டரைப் பார்த்து லாக் புக்கில் எழுதுகிறார். ஒரு அடித்தல் கிடையாது. பக்கத்து லேபில் இருக்கும் எனக்கு அந்தப் புத்தகத்தைப் பார்த்தாலே பொறாமையாக இருக்கும்.

அவரைத்தான் பொய் எழுதினார் என்றார்கள்.

போன மாதம் ஹீட்டர் குழாயில் புதிதாக ஒரு வெப்ப மீட்டர் மாட்டினார்கள். ஓடுகிற கரைசல் எவ்வளவு சூட்டை வாங்கிக்கொண்டது என்று அது காட்டும். ஹீட்டர் நூறு யூனிட் கரண்ட் எடுத்ததாக அக்கா எழுதினால், இது நூற்றுப்பதினேழு காட்டியது. கொடுத்ததைவிட வாங்கியது ஜாஸ்தி! ஷிப்ட் மாறும் நேரத்தில் மேனேஜர் சூரியபிரகாஷ் எல்லோர் முன்னாலும் லாக் புக்கை மேஜையில் போட்டார்.

“பாக்காமலே எழுதியிருக்கீங்க. திங்கக்கிழமை ஹெட் ஆபீசுக்கு ரிப்போர்ட் போவுது. வேற வேலை பாத்துக்குங்க.”

“ஒரு மணி நேரம் என்கூட நின்னு பாருங்க சார்,” என்றார் அக்கா.

“பழைய மீட்டர பாத்து இன்னா ஆவப்போவுது? புது மீட்டர் சொல்றதுதான் கணக்கு.”

அக்கா நேராகப் போய், புது மீட்டரின் பொத்தானை ஒவ்வொன்றாக அழுத்தினார். திரையில் ஓரிடத்தில் ‘திரவம்: தண்ணீர், 4.2’ என்று வந்தது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும்; அந்த எண்ணால் பெருக்கித்தான் மீட்டர் சூட்டைக் கணக்கிடும். எங்கள் பிளாண்டில் ஓடுவதெல்லாம் தண்ணிதான். நல்ல தண்ணி, தோல் தண்ணி, உப்புத் தண்ணி. பேச்சில் முன்பாதி உதிர்ந்துபோகும். மீட்டர் மாட்ட வந்தவனிடமும் யாரோ வெறும் தண்ணி என்று சொல்லிவிட்டார்கள்.

“உப்புத் தண்ணிக்கு எவ்ளோக்கா?” என்றேன்.

“நம்ம கரைசல்ல நூறு கலப்படம். எந்தப் புக்லயும் இருக்காது. அளந்துட்டாப் போச்சு.”

ஞாயிற்றுக்கிழமை அளந்தார். ஒரு முழக் குழாய், உள்ளே ஆயிரத்து ஐந்நூறு வாட் ஹீட்டர் கம்பி, இரண்டு முனையிலும் தெர்மாமீட்டர், கீழே தராசில் ஒரு வாளி. சூடு வெளியே போகாமலிருக்க, ஷூ கம்பெனியில் வாங்கிய தோல் துண்டுகளைக் குழாய்மேல் நாலு சுற்று கட்டினார். நான் அவசரப்பட்டுப் பேனாவை எடுத்தேன்.

“இரு. இப்ப குழாயும் சூட்ட குடிக்குது. ரெண்டு தெர்மாமீட்டரும் அசையாம நிக்கட்டும். அப்புறம் கரண்ட் குடுக்குற சூடு மொத்தமும் ஓடுறதுக்குத்தான்.”

முதலில் நல்ல தண்ணி. நிமிஷத்துக்கு மூன்று கிலோ அறுநூறு ஓடியது. ஆறு டிகிரி ஏறியது. கணக்குப் போட்டால் 4.2. கருவி சரி. அடுத்து அதே வேகத்தில் உப்புக் கரைசல். ஏழு டிகிரி! விடை 3.6. நான் துள்ளினேன். அக்கா இன்னும் நாலு தடவை ஓட்டினார். நாலு தடவையும் அதேதான்.

திங்கட்கிழமை ஷிப்ட் மாறும் நேரத்தில் மறுபடி எல்லோரும் நின்றோம். அக்கா கேட்டபடி மேனேஜர் மீட்டர் மாட்டிய அன்றைய படிவத்தை எடுத்துவந்தார். ‘குழாயில் ஓடுவது: தண்ணி.’ எழுத்து மேனேஜருடையதேதான். மனுஷன் முகம் செத்துப்போனது. அக்கா புது மீட்டரில் 4.2-ஐ 3.6 ஆக மாற்றினார். நூற்றுப்பதினேழு இறங்கி நூறில் நின்றது. பம்ப் ஆபரேட்டர்கள் விசிலடித்தார்கள். நானும் அடித்தேன், வெட்கமே இல்லாமல்.

சூரியபிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தார்: “மஹ்பூபிம்மா எழுதுனது எல்லாம் சரி.”

“சத்தமா சொல்லுங்க சார்,” என்றார் அக்கா. “பம்ப் ஓடுது.”

அவர் சத்தமாகச் சொன்னார். அக்கா கடிகாரத்தைப் பார்த்து, செல்போனையும் பார்த்து, அந்த மணிநேரத்து மீட்டரை எழுதப் போனார்.