வேண்டாமலே ‘வேண்டிக்கொண்டேன்’ என்று எழுதினேன்

அம்மனின் பிள்ளைகளே, அவள் எனக்கு இரங்கியதைச் சொல்ல வேண்டுமென்றால் என் வெட்கக்கேட்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் பெயர் சுகந்தி. கேகாலையில் ஒரு புடவைக் கடையில் வேலை. எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மனுக்குப் பேஸ்புக்கில் பக்கம் தொடங்கியவள் நான்தான். வெள்ளிக்கிழமை அலங்காரத்தைப் படம் பிடித்துப் போடுவேன். எங்கெங்கிருந்தோ வேண்டுதல்கள் வரும். முதலில் கோயிலுக்குப் போய் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கும்பிட்டேன். கூட்டம் கூடியதும் தலைக்கனம் ஏறிவிட்டது. ஒரே பதிலை எழுதி வைத்துக்கொண்டேன்: “உங்களுக்காக வேண்டிக்கொண்டேன். அம்மா பார்த்துக்கொள்வாள், பயப்படாதீர்கள்.” பலருடைய செய்தியை வாசிப்பதுகூட இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் அப்படி இருபது பேருக்கு அனுப்பினேன். மறுநாள் இரத்தினபுரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் மேல் மண் சரிந்ததாகச் செய்தி வந்தது. அந்தத் தோட்டத்தின் பெயரை எங்கேயோ பார்த்த ஞாபகம். பக்கத்தைத் திறந்தேன். செல்வி என்ற பெண் எழுதியிருந்தாள்.

“அக்கா, லயத்துக்குப் பின்னுக்கு மண்ணு வெடிச்சிருக்கு. கிராம சேவகர் ஸ்கூலுக்குப் போகச் சொல்றாரு. அத்தைக்கு நடக்க ஏலாது. அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க, போகவா இருக்கவா?”

அதன் கீழே என் பதில். பயப்படாதீர்கள். அதற்கும் கீழே அவள்: “சரிக்கா, அப்ப நாங்க போகல.”

பக்கத்திலிருந்தே அவளை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. துணி மடிக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அந்த வரி காதில் கேட்டது. அவள் குரலை நான் கேட்டதே இல்லை, ஆனாலும் கேட்டது. கோயிலுக்குப் போனால் அம்மன் முகத்தைப் பார்க்கப் பயம். தரையைப் பார்த்துக்கொண்டே அழுதேன். “தாயே, அவங்க உசிரோட இருக்கணும். என் பொய்க்கு அவங்கள பலியெடுத்துறாத.”

மூன்றாம் நாள் யாரோ ஒருவரின் போனிலிருந்து செல்வியே அழைத்தாள்.

“அத்தை பயந்து ஒரே அழுகை அக்கா. அன்னைக்கே கதிரையில உக்கார வச்சுத் தூக்கிட்டு வந்துட்டோம். நீங்க வேண்டிக்கிட்டதாலதான் தப்பிச்சோம்.” பிறகு குரல் இறங்கியது. “லயத்துல எங்களுக்கு அடுத்த வீடு, பக்கத்து காம்பராக்காரங்கதான் வரல. உங்க பதிலைக் காட்டியிருந்தேன், அத நம்பி இருந்துட்டாங்க. அவங்க மக மண்ணுல அகப்பட்டு ஆஸ்பத்திரில இருக்கா. இன்னும் கண்ணே முழிக்கல.”

“நான் வேண்டிக்கவே இல்ல, செல்வி. நீங்க எழுதினத வாசிக்கவும் இல்ல.”

“இப்ப வேண்டிக்கோங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பிள்ளையின் பெயரைச் செல்வியிடம் எழுதிக் கேட்டுக்கொண்டு வேண்டினேன். காலையும் மாலையும், போனை வீட்டில் விட்டுவிட்டு, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டேன். ஒன்பதாம் நாள் அவள் கண் திறந்து தண்ணீர் கேட்டாளாம். செல்வி சொன்னபோது கடையில் எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதேன். தாயே, உனக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

நடந்ததைப் பக்கத்திலேயே எழுதிப் போட்டேன். திட்டினார்கள், எனக்கு அது வேண்டியதுதான். இப்போது வருகிற பெயர்களைத் தாளில் எழுதிக் கோயிலுக்குக் கொண்டுபோகிறேன். மழை பிடித்தால் ‘நாங்க போகல’ என்பது இன்னும் கேட்கிறது.

கஷ்டத்தில் இருப்பவர்களே, அவளிடம் கேளுங்கள், தருவாள். ஆனால் அவள் பெயரில் நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். மண் வெடித்தால் முதலில் வீட்டை விட்டு வெளியே வாருங்கள். வந்து நின்று கும்பிடுங்கள், அங்கேயும் அவள் கேட்பாள்.