இடது விங்கரின் இடுப்பு மூட்டு

பினாங்கில், ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. போன வருடம், சீசன் தொடங்குமுன், ஒரு காற்பந்துக் குழுவையே உடல் பரிசோதனைக்கு அனுப்பிவைத்தார்கள். காற்பந்து பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வந்தவர்களைப் படுக்கவைத்து, கால்களை உள்பக்கம் திருப்பச் சொல்லி, இடுப்பைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

நான்காவதாக வந்தவர் சுங்கை பாக்காப் ஊர்த் தமிழர், இடது ஓரத்தில் ஓடி ஆடும் விங்கர். இருபத்தைந்து வயதிருக்கும்.

"இன்னும் கொஞ்சம் திருப்புங்க தம்பி."

"இவ்ளோதான் அக்கா வரும். எப்பவுமே இப்படித்தான்லா."

திரையில் படம் வந்தது. தொடை எலும்பின் தலை பந்துபோல உருண்டையாக இருக்க வேண்டும். இவருக்கு இரண்டு பக்கமும் தடித்து மேடு தட்டியிருந்தது. படுக்கவைத்ததில் நான்தான் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று மறுபடியும் எடுத்தேன். அதே மேடு. வேறு யாரோ வயதானவரின் படமோ என்று பெயரைக்கூடச் சரிபார்த்தேன்.

எலும்பு மருத்துவர் ஒரு சீனப் பெண்மணி. படத்தைப் பார்த்து அவர் பதறவில்லை. எத்தனை வயதில் ஆட ஆரம்பித்தீர்கள் என்று மலாயில் கேட்டார். ஆறு வயதில் என்றார் இவர். எலும்பு வளர்கிற வயதில் ஓயாமல் ஓடி உதைப்பவர்களுக்கு அந்த இடத்தில் கூடுதலாக வளர்வது உண்டு, பெரிய ஆட்டக்காரர்களிடம் இது அபூர்வமில்லை என்று விளக்கினார். வலி இல்லாததால் அறுவை சிகிச்சை வேண்டாம், தொடை இடுக்கில் வலித்தால் உடனே வர வேண்டும் என்றார்.

மருத்துவர் போனதும் விங்கர் சிரித்தார். "கோயில்ல என்னால சம்மணம் போட்டு உக்கார முடியாது அக்கா. அம்மா திமிருன்னு ஏசுவாங்க. இதக் காட்டணும்." திரையிலிருந்த படத்தைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு போனார்.

எனக்கு மனம் ஆறவில்லை. அப்படி ஓர் இடுப்பை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி ஓடுகிறார்? முதல் ஆட்டத்துக்கு என் கணவரை இழுத்துக்கொண்டு ஸ்டேடியத்துக்குப் போனேன்.

இரண்டாம் பாதியில் பந்து அவரிடம் வந்தது. ஒருவன் குறுக்கே பாய்ந்தான். மற்றவர்கள் அந்த இடத்தில் காலை மட்டும் திருப்புவார்கள். இவர் நின்ற காலின் நுனியில் உடம்பு முழுவதையும் சுழற்றி, அரையடி தள்ளிக் காலூன்றி, அங்கிருந்தே அடித்தார். அந்த இடுப்பு திரும்பாது. அதனால் மற்ற எல்லாவற்றையும் திருப்பக் கற்றுக்கொண்டிருக்கிறார்! எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது.

"கோல்கூட போகல, நீ ஏன் கண் கலங்குற?" என்றார் கணவர்.

நோயாளியின் படத்தில் பார்த்ததைக் கணவரிடம்கூடச் சொல்லக் கூடாது. "ஒண்ணுமில்லைங்க, நீங்க பாருங்க" என்றேன்.

அந்த சீசனில் அந்த விங்கர் ஓர் ஆட்டத்தையும் தவறவிடவில்லை. பினாங்கில் நடந்த எதையும் நானும் தவறவிடவில்லை.