விறகுப் புகையும் அம்மாவின் வயதும்

இன்று காரைக்குடியில் கண் டாக்டரிடம் போயிருந்தேன். எனக்குக் கண்புரை.

"இரும்பு மாதிரி உடம்புக்குள்ளயும் துருப்பிடிக்கும் சார். முதுமைக்கு அதுவும் ஒரு காரணம். புகையிலயே கெடந்தா இன்னும் சீக்கிரம் வரும்" என்றார்.

அம்மா ஞாபகம் வந்தது.

எழுபதுகளில் அப்பா கீழச்சிவல்பட்டியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். விறகடுப்பில் வெந்தது அம்மாதான். நாற்பதிலேயே தலை நரைத்து, தோல் சுருங்கி, கண்ணும் மங்கிவிட்டது. கல்லாவில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை.

ஒருநாள் மூவரும் திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறினோம்.

"அண்ணே, ஒங்க அம்மா நிக்கிறாகல்ல, இங்குட்டு உக்கார வைங்க" என்றார் கண்டக்டர்.

அப்பா திருத்திச் சொல்வார் என்று பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஆத்தா, அங்குட்டுப் போயி உக்காரு" என்றார்.

அம்மா போய் உட்கார்ந்தாள்.

அடுத்த வருடமே, "ஒன்னோட வெளிய போனா மானம் போகுது" என்று சொல்லி, இளவயதுப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். அம்மாவுக்குப் பார்வை போனதும் அடுப்பு சின்னம்மாவின் கைக்கு வந்தது.

சின்னம்மா எத்தனை வருடம் இளமையாக இருந்திருப்பாள்? சொல்லுங்கள் பார்ப்போம்.