ஜெம்மாவின் கொடியில் நீலக் கரை

என் அண்ணி ஜெம்மா மால்டாவின் ஸ்லீமா நகரத்தில் ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறாள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்று மற்றவர்களின் முறையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, மே மாதத்தில் ஒரு வாரத்தை மொத்தமாக விடுப்பாக வாங்கிக்கொள்வாள். ஐரோப்பியப் பாட்டுப் போட்டி எந்த நகரத்தில் நடந்தாலும் சரி, மேடைக்குக் கீழே முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு மால்டாவின் கொடியோடு ஒருத்தி நிற்பாள். அது ஜெம்மா.

வரைபடத்தில் எங்கள் நாட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். "மேடையில மட்டும் நமக்கும் ஜெர்மனிக்கும் பாட ஒரே மூணு நிமிஷம்" என்பாள் அண்ணி.

கொடி அவளே தைத்தது. வெள்ளைப் பாதி, சிவப்புப் பாதி, மேல் மூலையில் சிலுவை, எல்லாம் முறைப்படி. ஆனால் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு நீலக் கரை. எங்கள் ஊரில் திருவிழாவுக்கு வாசிக்கும் வாத்தியச் சங்கங்கள் இரண்டு. சூசையப்பர் சங்கம் நீலம், மாதா சங்கம் சிவப்பு. ஞானஸ்நானத்துக்கு முன்பே பிள்ளையின் நிறம் முடிவாகிவிடும். திருவிழாவில் ஒரு சங்கத்தின் ஊர்வலம் போகும்போது, மற்ற சங்கத்தார் பால்கனியில் தங்கள் நிறத்தை ஆட்டி, விரலை வாயில் வைத்துக் கேலியாகச் சீட்டியடிப்பார்கள். நாங்கள் நீலம்.

"தேசியக் கொடியிலயே அவங்க சிவப்பு பாதி இருக்கு. நம்ம நீலம் எங்க? நாமதான் சேத்துக்கணும்" என்பது அண்ணியின் நியாயம்.

அந்த ஆண்டு மால்டாவுக்காகப் பாடத் தேர்வானவள் எங்கள் தெருவின் மிரேயா. அவள் அம்மா டோரிஸ் வண்டியில் காய்கறி விற்பவள், அசல் சிவப்பு. டோரிஸும் அண்ணியும் ஏப்ரல் வரை நன்றாகப் பேசிக்கொள்வார்கள். மே பிறந்தால் திருவிழா முடியும்வரை உப்புக்கூடக் கேட்டுக்கொள்ள மாட்டார்கள்.

"அவங்க பொண்ணுக்குக் கைதட்டவா போற?" என்று எங்கள் சங்கத் தலைவர் சென்சு கேட்டார்.

"பொண்ணு அவங்களோடது. பாட்டு மால்டாவோடது" என்று சொல்லிவிட்டு அண்ணி கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன்.

வடக்கே ஒரு துறைமுக நகரம். இறுதிச் சுற்று நடக்கும் நாள் மதியம், அரங்க வாசலில் வரிசையில் உட்கார்ந்து சூரை மீன் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தோம். ஒவ்வோர் ஆண்டும் அண்ணிக்கு இடம் பிடித்து வைக்கும் பின்லாந்துக்காரர் ஆர்வோ, தாடியில் மினுமினுப்புத் தூளோடு பக்கத்தில் இருந்தார். அப்போது டோரிஸ் வந்து எங்கள் முன்னால் நின்றாள்.

"ஜெம்மா."

"என்ன டோரிஸ், இது மே மாசம். மறந்துட்டியா?"

"நேத்து ஒத்திகையில என் பொண்ணு நடுவுல ஒரு வரியை விட்டா, பாத்தியா?"

"பாத்தேன். சளியோ என்னமோன்னு நெனச்சேன்."

"சளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. கீழ பாத்திருக்கா. வெளிச்சத்துல மூஞ்சி எதுவும் தெரியல, உன் நீலம் மட்டும் தெரிஞ்சிருக்கு. நம்ம ஊர்ல நீலம் ஆடினா அடுத்து என்ன வரும்? சீட்டிதானே? அது எப்ப வரும்னு காத்துக்கிட்டே வரியை விட்டுட்டா."

அண்ணியின் முகம் சிவந்தது. "சீட்டியடிக்கவா நான் கடல் தாண்டி வந்தேன்?"

"எனக்குத் தெரியும்டி. அவளுக்குத் தெரியணுமே. பொறந்ததுலேர்ந்து அப்படித்தானே வளத்தோம்? இன்னிக்கு மட்டும் தள்ளிப் போய் நில்லேன்."

"நான் நகந்தா அந்த எடத்துல மால்டா கொடியே இருக்காது."

"அப்போ அந்தக் கரையைப் பிரி."

ஆர்வோவுக்கு விஷயத்தைச் சொன்னேன். "அழகான கரைதானே? எங்க கொடியோட நிறம்கூட!" என்றார்.

"நீ சும்மா இரு ஆர்வோ. உங்க ஊர்ல நிறம் வெறும் நிறம்" என்றாள் அண்ணி.

டோரிஸ் "கெஞ்ச வரல. சொல்ல வந்தேன்" என்றாள். திரும்பிப் போய்விட்டாள்.

அண்ணி கொடியை மடியில் விரித்துப் பார்த்தபடி இருந்தாள். நான் பொறுக்க முடியாமல் சொன்னேன்: "அண்ணி, நம்மாளுங்க எல்லாரும் சங்கத்துல உக்காந்து டிவியில பாப்பாங்க. கரையைப் பிரிச்சா அப்புறம் அந்தப் படியேற முடியாது."

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"வருஷம் பூரா இஸ்திரி போட்டுட்டு வந்தது, நம்ம முறை வரும்போது அவ வாயடைச்சு நிக்கிறதப் பாக்கவா?"

கொண்டை ஊசியால் நெம்பினாள். இரட்டைத் தையல், அசையவில்லை. ஆர்வோ தன் தாடிக் கத்தரியை நீட்டினார். துணியில் ஒரு கீறல் விழாமல் ஒவ்வொரு தையலாக வெட்டினாள். வரிசை நகர ஆரம்பித்தபோது நீலக் கரை சுருண்டு அவள் பைக்குள் போயிருந்தது.

மிரேயா மேடைக்கு வந்தபோது கொடியின் ஒரு பக்கம் அண்ணியின் கையில், மறுபக்கம் ஆர்வோவின் கையில். முதல்நாள் விட்ட வரி நெருங்கியது. மிரேயாவின் பார்வை கீழே இறங்கியது. கொடியில் நின்றது. வெள்ளை, சிவப்பு, சிலுவை. பிறகு மூச்சை இழுத்து அந்த வரியைப் பிடித்தாள். ஒத்திகையில் இருந்ததைவிட நெடுநேரம் பிடித்து நிறுத்தினாள். அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது.

அண்ணி பின்னால் நின்ற போர்த்துகீசியர்களிடம் திரும்பிக் கத்தினாள்: "எங்க தெரு! எங்க வீட்லேர்ந்து நாலாவது வீடு!" என்ன சொல்கிறாள் என்று புரியாமலே அவர்களும் எங்கள் தெருவுக்காகக் கத்தினார்கள்.

பாட்டு முடிந்ததுமே அண்ணியின் போன் அடித்தது. சென்சு.

"ஜெம்மா! நீலம் எங்க?"

அண்ணி போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். "மால்டா! மால்டா!" என்று எந்தெந்த நாட்டு வாய்களோ கூவிக்கொண்டிருந்தன. பிறகு காதில் வைத்தாள்.

"கேட்டுச்சா சென்சு?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார் சென்சு. "கொடியைத் தாழ்த்தாதே. இங்க டிவியில சரியா தெரியல."