ஆளில்லாத கிரிவலப் பாதை

என் மேஜையருகே நிற்கும் கேமரா ஸ்டாண்டுக்கு ஒரு கால் சரியில்லை. கேமராவை மாட்டினால் அந்தக் கால் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். அதனால் அதில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறது. இதைவிட நல்லது வாங்கி வருஷங்களாகிவிட்டன. அது அலமாரியில் தூங்குகிறது. எனக்குப் பிடித்த சாமான்கள் என்று கேட்டால் இந்த நொண்டியும், மூடி பிடிப்பு விட்டுப்போன பழைய லேப்டாப்பும்தான். இரண்டையும் பார்த்தால் அண்ணன் ஞாபகம் வரும்.

சென்னையில் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டுக் கேமராவும் கையுமாக நான் திருவண்ணாமலைக்குத் திரும்பியபோது, அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். என் வேலையைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடித்தவன் அவன்தான். "கல்யாணத்துல போட்டோ புடிக்கறதுக்கா இவ்ளோ படிச்ச?" என்று கேட்டதுதான் கடைசி. பிறகு ஒரே வீட்டில் ஒரே குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு அம்மா வழியாகத்தான் பேச்சு. எனக்கு ரோஷம் ஒரு பக்கம், என்னைக் கைகழுவிவிட்டானோ என்ற பயம் இன்னொரு பக்கம். பயம்தான் ஜாஸ்தி.

அந்தச் சமயத்தில் ஒரு லாட்ஜுக்காரர் வரவேற்பறைச் சுவருக்குப் படம் கேட்டார். பௌர்ணமி வெளிச்சத்தில் கிரிவலப் பாதையும் மலையும் வேண்டும், ஆனால் ஓர் ஆள்கூடத் தெரியக் கூடாது. பௌர்ணமியன்று ஆளில்லாத கிரிவலப் பாதையா! சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன். பழைய தொழில் கைகொடுத்தது. கேமராவை அசையாமல் நிறுத்தி ஒரே காட்சியை விட்டுவிட்டு எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு அத்தனை படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் பெரும்பாலான நேரம் எது இருந்ததோ அதை மட்டும் வைத்துக்கொள்ளும்படி நானே ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். நடக்கிறவர்கள் மறைந்துவிடுவார்கள், நிற்பவை தங்கும்.

அடி அண்ணாமலையில் தோழி வீட்டு மாடியில், டியூப் சுற்றிய இந்த ஸ்டாண்டை நிறுத்தினேன். மலைக்குப் பின்னாலிருந்து நிலா சாவகாசமாக ஏறியது. கீழே வெறுங்கால்களின் சரசரப்பு, கற்பூர வாசனை, எங்கிருந்தோ ஒரு பாட்டு. கூட்டம் நடக்கிறதா, சாலையே நகர்கிறதா என்று தெரியாத மயக்கம். ஆட்களின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் மலையைத்தான்.

மறுநாள் காலை அந்தப் பழைய லேப்டாப்பில் புரோகிராமை ஓட்டினேன். கூட்டம் முதலில் புகையாயிற்று, அப்புறம் பனியாயிற்று, அப்புறம் இல்லாமலே போயிற்று. நிலா வெளிச்சத்தில் வெறும் சாலை. என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. ஆனால் எதிர்ப்பக்க விளக்குக் கம்பத்தடியில் ஒருவன் மட்டும் கரையாமல் நின்றான். வெள்ளைச் சட்டையும், இடுப்போடு அணைத்திருந்த பச்சை ஹெல்மெட்டும் தெளிவாக இருந்தன. முகம் மட்டும் கலங்கியிருந்தது. கூட்டத்தையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். முகம் எனக்கு எதற்கு? அந்த ஹெல்மெட் எங்கள் வீட்டு ஆணியில் தினமும் தொங்குவது.

அண்ணன் நேற்று எங்கே போனான் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கீழ்பென்னாத்தூர்ல வேலைன்னு போனான். வந்ததும் கால் வலிக்குதுன்னு எண்ணெய் தேய்ச்சுக்கினு படுத்துட்டான்" என்றாள்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அப்படி அழுதது அன்றைக்கு மட்டும்தான்.

லாட்ஜுக்கு அவனை அழித்துக் கொடுத்தேன். என் சுவரில் அவன் இருக்கும் படத்தை மாட்டினேன். பேச்சு தானாகத் திரும்பியது. அந்தப் பௌர்ணமியைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை. இப்போதெல்லாம் போனிலேயே விரலால் தொட்டால் ஆட்கள் மறைந்துவிடுகிறார்கள். போன வாரம், இப்போது நான் தனியாக இருக்கும் வீட்டுக்கு வேர்க்கடலை மூட்டையோடு வந்த அண்ணன், அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான்.

"எல்லாரையும் எடுத்துட்டு இந்த ஆளை மட்டும் இன்னாத்துக்கு விட்டு வெச்சிருக்க?"

"அந்த ஆளு கடைசி வரைக்கும் நகரவே இல்லைண்ணா. நான் என்ன பண்றது?"

அவன் குனிந்து ஸ்டாண்டின் காலைத் தடவிப் பார்த்தான். டியூப் வெடித்துப்போயிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியிலிருந்து புது டியூப் துண்டு ஒன்றை எடுத்துவந்து, பழையதை அவிழ்த்துவிட்டு, பல்லைக் கடித்து இறுக்கிச் சுற்றினான். அவன் போன பிறகு கேமராவை மாட்டிப் பார்த்தேன். கால் இறங்கவில்லை.