ஒட்டாத முடிகள்

மிதக்கும் களை ஏரியை மூடியதில் அண்ணன் வளர்த்த மீன்கள் செத்துக்கொண்டிருந்தன. களையைத் தின்ன வண்டு உண்டு. ஆனால் அந்தக் களையில் ஒரே ஓர் இனத்தைத்தான் அது தின்னும். களை ஆய்வகத்தில் வேலை பார்த்த தங்கை, அண்ணன் அனுப்பிய களையின் இலைமேல் இருந்த முடிகளை லென்ஸில் பார்த்தாள். நுனிகள் ஒட்டியிருந்தால் அந்த இனம். இவை பிரிந்து நின்றன. வேறு இலைகளையும் பார்த்தாள். எல்லாம் அப்படியேதான்.

போனில் சொன்னாள். "இது அதோட ஒண்ணுவிட்ட தங்கச்சி, அண்ணே. வண்டு வாய் வைக்காது."

"பாத்தா ஒரே மாதிரிதானே இருக்கு. அதுதான்னு எழுதிக் குடுத்துடேன், வண்டு தந்துடுவாங்க."

"குடுத்தா வண்டும் பட்டினியில சாகும்."

மறுநாள் அவளும் அவனோடு படகில் ஏறிக் களையை வாரினாள். வாரிய இடத்தை, படகு திரும்புவதற்குள் களை மூடிவிட்டது.